மதினிக்குக் கேட்காத சைரன்

என் மடியில் மூன்று பைகள் இருந்தன. ஒன்றில் மாற்றுத் துணி. ஒன்றில் துண்டும் சீயக்காய்த் தூளும். மூன்றாவது என் கைப்பை. அதற்குள் ஒரு சின்ன நீல டப்பா. டப்பாவுக்குள் மதினியின் இரண்டு காது மெஷின்கள்.

குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்துக்கு இறங்கும் படியில், ஈரம் குறைந்த ஒரு ஓரமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை. படியில் கால் வைக்க இடமில்லை. மிளகாய் பஜ்ஜி வாசனையும் மசாஜ் எண்ணெய் வாசனையும் சாரலோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தன. மதினி உள்ளே போய்ச் சற்று நேரம் ஆகியிருந்தது. அவர் வந்ததும் பைகளை அவரிடம் கொடுத்துவிட்டு நான் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

அப்போதுதான் சைரன் ஊதியது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும். மலைக்கு மேலே மழை. கீழே வெறும் சாரலாக இருக்கும், வெயில்கூட அடிக்கும். ஆனால் மேலே பெய்த மழை இறங்கி வந்துகொண்டிருக்கும். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் அதன் கீழே மனிதர்கள் நிற்க முடியாது. சைரன் கேட்டால் அந்த நிமிடமே வெளியே வந்துவிட வேண்டும்.

கேட்டால்.

நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

மதினி யார் என்று சொல்லவில்லையே

வத்சலா மதினி என் கணவரின் அக்கா. அவர்கள் திருச்சிக்காரர்கள். அங்கே நாத்தனாரை மதினி என்று யாரும் கூப்பிடுவதில்லை. கல்யாணமாகிப் போன புதிதில் நான் எங்கள் தென்காசி வழக்கப்படி மதினி என்று கூப்பிட்டபோது, இது என்ன மருந்துப் பேர் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

இவர்களுடைய அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பியை வளர்த்தவர் மதினிதான். தம்பிக்குப் பத்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குரலே அதட்டலாகத்தான் வரும்.

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காது போனது. சில வருடங்களில் வலது காதும் மங்கியது. மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு புரியும். கழற்றிவிட்டால், பக்கத்தில் நின்று கத்தினாலும் திரும்ப மாட்டார். அவருடைய கணவர் இறந்ததிலிருந்து எங்களோடு சென்னையில் இருக்கிறார்.

இந்தத் தொடரில் எத்தனையோ பேரைப் பற்றி எழுதிவிட்டேன். மதினியைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தது. போன மாதம் அவரிடமே கேட்டேன். எழுது, ஆனால் நான் அழுதேன் என்று மட்டும் எழுதாதே என்றார். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கோபுர வாசல் காற்று

முப்பது வருடத்துக்கும் மேலாக மதினி தென்காசியில் கால் வைக்கவில்லை. அந்த வருடம் அவராகவே, குற்றாலம் பார்க்கணும், கூட்டிக்கொண்டு போ என்றார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். என் தம்பி சங்கரனுக்குப் போன் செய்து சொன்னேன். வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

சங்கரன் தென்காசியில் மோட்டார், பம்புசெட் கடை வைத்திருக்கிறான். அன்று கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு அவனே கார் எடுத்து வந்தான்.

முதலில் தென்காசிக் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் நுழையும்போது காற்று ஆளையே தள்ளும். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கை. மதினிக்கு வேடிக்கையாக இல்லை. மெஷினுக்குள் காற்றுப் புகுந்து, காதுக்குள் லாரி ஓடுவது போல இருக்கிறது என்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டமாக உள்ளே போனார். பிறகு கோபுரத்தைப் பற்றி, கோயிலைப் பற்றிச் சங்கரனிடம் ஏதேதோ கேட்டார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். அவர் மறுபடி கேட்டார். அவன் மறுபடியும் அப்படியே சொன்னான். நான் நடுவில் நின்று திருப்பிச் சொன்னேன்.

சங்கரனுக்கு அவர் மேல் இருந்த வருத்தம் எனக்குத் தெரியும். என் வளைகாப்புக்கு எங்கள் தென்காசி வீட்டுக்கு வந்திருந்தார் மதினி. எங்கள் வீடு சின்னது, கிணற்றுத் தண்ணீர் சரியில்லை, வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை என்று ஒவ்வொன்றாக முகம் சுளித்தார். கடைசியில் பந்தியில் உட்கார்ந்து, என் அம்மா எல்லாம் பரிமாறி முடித்த பிறகு, பசியில்லை என்று எழுந்துவிட்டார். இலை அப்படியே கிடந்தது. அம்மா அந்த இலையைத் தானே எடுத்துக்கொண்டு போனதைச் சங்கரன் பார்த்தான். அவனுக்கு அப்போது பதினேழு வயது.

அம்மா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சங்கரன்தான் மறக்கவில்லை.

மூடிய காருக்குள்

கோயிலிலிருந்து குற்றாலத்துக்குக் கிளம்பினோம். கூட வந்திருந்த என் கணவர் துண்டு வாங்க வேண்டும் என்று வழியில் ஒரு கடையில் இறங்கினார். சாரல் அடித்ததால் கார்க் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். நான் முன்னால், சங்கரன் பக்கத்தில். மதினி பின்னால்.

சங்கரன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"அம்மா போட்ட எலையில கைகூட வைக்காம எந்திரிச்சுப் போனாவல்லா. இப்பம் அருவி பாக்க மட்டும் நம்ம ஊரு வேணுமாக்கும். எனக்கு மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலக்கா. ஒனக்காகத்தான் வாரேன்."

அவருக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னான். தெருவில், கூட்டத்தில், கோயிலில் அந்த மெஷின் தடுமாறும். ஆனால் வெளிச்சத்தம் இல்லாத மூடிய காருக்குள் அதற்கு எல்லாம் கேட்கும். அது அவனுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். மதினி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். உதடு இறுகியிருந்தது.

இவர் துண்டோடு வந்து ஏறினார். கார் கிளம்பியது. இலஞ்சி வயல்களைத் தாண்டும்போது, இங்கே இரண்டு போகம் விளையுமா என்று மதினி கேட்டார். எப்போதும் போன்ற குரல்தான். நான் பதில் சொன்னேன்.

அருவிக்குப் போகும் சாலையோரத்தில் சங்கரன் காரை நிறுத்தினான். சீசனில் உள்ளூர்க்காரர்கள் குளிக்க மாட்டார்கள். அவன் காரிலேயே இருப்பதாகச் சொன்னான். இவர் ஆண்கள் பக்கம் போனார். மெஷின் டப்பாவைக் காரிலேயே வைத்துவிடலாம் என்று மதினியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மெஷின் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. கழற்றி டப்பாவில் வைத்து என் கையில் கொடுத்து, நான் பையில் போடுகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினார்.

மெரூன் நிறத்தில் ஒரு பழைய காட்டன் புடவை கட்டியிருந்தார். கூட்டத்துக்குள் அந்த நிறம் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

எல்லோரும் வந்துவிட்டார்கள்

சைரனோடு பெண் காவலர்களின் விசிலும் சேர்ந்துகொண்டது. படியில் ஒரே தள்ளல். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, அவிழ்ந்த புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு பெண்கள் மேலே ஏறி வந்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

நனைந்த தலையோடு ஓடி வரும்போது எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறது. முடி கன்னத்தில் ஒட்டியிருக்கிறது, கண் சிவந்திருக்கிறது. நரைத்த தலை தெரிந்தபோதெல்லாம் ஒரு அடி முன்னால் போனேன். அவர் இல்லை. மறுபடி அவர் இல்லை.

மதினி, மதினி என்று நான் கத்திக்கொண்டிருந்ததை நானே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். யாருக்காகக் கத்துகிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அருவியின் நிறம் மாறிவிட்டிருந்தது. வெள்ளையாக விழுந்தது, தேயிலைச் சாறு மாதிரி ஆகி, அதற்கு மேல் செம்மண்ணாக ஆனது. சத்தமும் மாறியது. அதுவரை அருவிச் சத்தத்துக்கு மேல் பேச முடிந்தது. இப்போது பக்கத்தில் இருப்பவர் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது.

படி காலியானது. இரண்டு பெண் காவலர்கள் கயிறு கட்டினார்கள். இருவரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். நான் ஒருவரின் கையைப் பிடித்து, உள்ளே ஒருவர் இருக்கிறார், அவருக்குக் காது கேட்காது என்று காதோடு கத்தினேன்.

"உள்ள யாருமே இல்லம்மா. நான்தான் கடைசியா ஏறி வாரேன். அந்தப் பக்கமும் ஒரு வழி இருக்கு, அங்கன போய்ப் பாருங்க."

சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்த வழியிலும் கயிறு. அங்கேயும் ஈரத் துணியோடு நூற்றுக்கணக்கில் பெண்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, கண்டுபிடித்தவர்கள் கட்டிக்கொண்டு. மதினி இல்லை.

உள்ளே இல்லை என்கிறார்கள். வெளியேயும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

பாறையில் சிக்கியிருந்த துணி

அருவிக்குக் கீழே உள்ள பாலத்துக்குப் போனேன். கீழே சிற்றாறு பாறைகளை மூடிக்கொண்டு போனது. ஒரு மரக்கிளை, நிறையச் செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் வாளி. கொஞ்ச தூரத்தில், ஒரு பாறையின் முனையில், கருஞ்சிவப்பாக ஒரு துணி சிக்கி, தண்ணீரில் விரிந்து விரிந்து சுருங்கியது.

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன்.

பக்கத்தில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, அது துண்டு என்றார். கரை போட்ட துண்டு என்று மறுபடி சொன்னார். நான் நம்பவில்லை. தண்ணீர் அதைப் புரட்டிப்போட்டபோது வெள்ளைக் கரை தெரிந்தது. அதன்பிறகுதான் எழுந்து நின்றேன்.

அங்கேதான் இவர் என்னைப் பார்த்தார். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் புதுத் துண்டு. ஆண்கள் பக்கத்திலிருந்து விரட்டி வெளியே விட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர், என் பக்கத்தில் அக்கா இல்லை என்பதைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. நான் சொல்லி முடிப்பதற்குள் கரையோரமாக இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நான் காரைத் தேடிப் போனேன். கார் நின்ற இடத்தில் கார் இல்லை. தண்ணீர் ஏறும் என்று அந்தச் சாலையில் நின்ற வண்டிகளையெல்லாம் போலீஸ்காரர்கள் அப்புறப்படுத்திவிட்டார்களாம். சங்கரனுக்குப் போன் போட்டால் போகவில்லை. அவ்வளவு கூட்டத்தில் யாருடைய போனும் போகவில்லை. கடைசியில் அவனே, இலஞ்சி ரோட்டில் காரை விட்டுவிட்டு, என்னைத் தேடி ஓடி வந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், அருவியைப் பார்த்தபடி கேட்டான்.

"அக்கா, காலைல நான் சொன்னது அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கேட்டது என்றேன்.

அவன் கடையோரத்தில் இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் கோபத்தில் போயிருப்பார்களோ, ஆட்டோ பிடித்துத் தென்காசி ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்களோ என்று தனக்குத்தானே பேசினான். நானும் அதையேதான் நினைத்தேன். கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், எங்கள் மேல் தீராத கோபம் இருக்க வேண்டும், வாழ்நாளெல்லாம் என்னோடு பேசாமல்கூட இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை நான் அதற்கு முன்னும் பின்னும் வேண்டியதில்லை.

அவரிடம் போன் கிடையாது. காசு கிடையாது. எல்லாம் என்னிடம் இருந்த பைகளில். காலில் செருப்பாவது இருக்கிறதா என்று தெரியாது.

சங்கரன் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் ஓடினான். நான் புறக்காவல் நிலையத்துக்குப் போனேன்.

மைக்

அங்கே ஒரு வயதான காவலர் மைக் பிடித்திருந்தார். காலையிலிருந்து கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. காணாமல் போன பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக அறிவித்துக்கொண்டிருந்தார். அவர் அறிவிக்க அறிவிக்க, பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

பெயர், வயது, புடவை நிறம் கேட்டார். சொன்னேன். மைக்கில் சொன்னார்.

"சென்னையிலிருந்து வந்த வத்சலா அம்மா எங்கிருந்தாலும் உடனடியாகப் புறக்காவல் நிலையத்துக்கு வரவும். உங்கள் உறவினர் காத்திருக்கிறார்."

கடைத்தெரு முழுக்கக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அது கேட்டது. மறுபடியும் சொன்னார். வேறு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிவிட்டு மூன்றாவது முறையும் சொன்னார்.

நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது வருவார், இப்போது வருவார் என்று. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. கைப்பைக்குள் விரல் அந்த டப்பாவைத் தடவிக்கொண்டே இருந்தது. அதன் மூடி என் நகத்தில் பட்டபோதுதான் மண்டையில் உறைத்தது. யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

காவலரிடம் போனேன்.

"அவங்களக் கூப்பிடாதீங்கய்யா. அவங்களுக்குக் கேக்காது. பக்கத்துல இருக்கவங்களக் கூப்பிடுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, நீங்களே சொல்லுங்கம்மா என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

நான் மைக்கில் பேசியதே இல்லை. என் மூச்சுச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் உங்க பக்கத்துல பாருங்க. எங்க மதினியக் காணல. வயசானவங்க, ஒல்லியா இருப்பாங்க, மெரூன் சேலை. அவங்களுக்குக் காது கேக்காது. கூப்பிட்டாத் திரும்ப மாட்டாங்க. தோளைத் தொடுங்க. தொட்டு, இங்கன கூட்டிட்டு வாங்க."

மைக்கை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். பழக்கடை வாசலில், அல்வாக் கடை வாசலில், பஜ்ஜிக் கடையில், நின்றிருந்தவர்கள் தங்கள் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், தன் பக்கத்தில் தனியாக நின்ற வயதான அம்மாவின் தோளைத் தொட்டாள். அந்த அம்மா திரும்பி, நான் இல்லை என்று தலையசைத்தார்.

அது மதினி இல்லைதான். ஆனாலும் நான் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சுரண்டை வேன்

லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் வேகமாக வந்தார். சுரண்டையிலிருந்து சொந்தக்காரர்களோடு வேனில் வந்தவராம்.

"எங்க வேன்ல ஒரு அம்மா இருக்காவ. மெரூன் இல்ல, இப்பம் மஞ்சச் சேலை. எங்க வீட்டுக்காரிதான் மாத்திவிட்டா. அவங்களுக்குக் காது கேக்காதுன்னு நீங்க சொன்ன பொறவுதான் எங்களுக்கே தெரியுது. பேச்சுக்குப் பதிலே இல்லன்னதும் பயந்து போயிருக்காவன்னு நெனச்சோம்."

அவர் பின்னால் ஓடினேன். வேறு யாராகவும் இருந்துவிடக் கூடாதே என்று சொல்லிக்கொண்டே போனேன். வேன்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் கதவு திறந்திருந்தது. உள்ளே, பளபளக்கும் மஞ்சள் பாலியஸ்டர் சேலையில், தலையில் ஈரத்துண்டோடு, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மதினி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் அவருடைய பாதத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மதினி என்னைப் பார்த்தார். டம்ளர் சாய்ந்து டீ புடவையில் கொட்டியது.

"எங்கே போனீங்க எல்லாரும்? தம்பி எங்கே? தண்ணியிலேருந்து வந்துட்டானா?"

இருக்கிறார், வந்துவிட்டார் என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. என் தோளைப் பிடித்து, என் உதட்டையே பார்த்துக்கொண்டு, சொல்லு, சொல்லு என்றார். நான் மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, தம்பி நல்லா இருக்கார் என்று சொன்னேன். மறுபடி சொன்னேன்.

இந்த இடத்தில், நான் கொடுத்த வாக்குப்படி, சில வரிகளை எழுதாமல் விடுகிறேன்.

டப்பாவைத் திறந்தேன். மெஷினை நானே அவர் காதில் வைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் எஸ்தர். நடந்ததை அவள்தான் சொன்னாள்.

"பாலத்துக்கும் ரோட்டுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாவக்கா. செருப்பில்ல, காலெல்லாம் கிழிஞ்சு ரத்தம். ஆம்பளைங்க பக்கத்துத் தண்ணியவே பாத்து நிக்காவ. கேட்டா பதில் இல்ல, நடுங்குதாவ. கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."

இரண்டாவது வழியாக ஏற்றிவிடப்பட்ட மதினி நேராகக் கார் நின்ற இடத்துக்குத்தான் போயிருக்கிறார். நான் முதல் வழியில் முகம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கார் இல்லை. சாலையில் எல்லோரும் ஓடுகிறார்கள். ஆண்கள் பக்கம் செம்மண் தண்ணீராகக் கொட்டுகிறது. யாரிடம் என்ன கேட்டாலும், அவர்கள் சொல்லும் பதில் தனக்குக் கேட்காது. தான் வளர்த்த தம்பி அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவு நேரமும் அவர் எங்களைத் தேடியிருக்கிறார்.

அவரை நாங்கள் இழந்துவிட்டோம் என்று நான் துடித்த நேரம் முழுவதும், எங்களை இழந்துவிட்டதாக அவர் துடித்திருக்கிறார்.

சங்கரன் வந்தபோது

புறக்காவல் நிலையத்தில் விஷயம் தெரிந்து, இவரைக் கரையிலிருந்து கூட்டி வந்தது சங்கரன்தான். இவர் வேன் படியில் உட்கார்ந்து, அக்காவின் புறங்கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முழங்கால் வரை சேறு.

சங்கரன் தள்ளி நின்றான். மதினி அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவன் வந்தான். தலை நிமிரவில்லை.

"காலையிலே நீ சொன்னது கேட்டுது," என்றார் மதினி.

சங்கரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் விடவில்லை.

"நீ சொன்னதிலே தப்பு இல்லே. அன்னிக்கு எனக்கு நல்ல பசி. தெரிஞ்சேதான் எழுந்து போனேன். நாங்க பெரிய இடம்னு காட்டறதுக்காக. உங்கம்மா இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் இப்போ வந்தேன். காலையிலேருந்து எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலே."

அருவி பார்க்க ஆசை என்று அவர் சொன்னதை நாங்கள் அப்படியே நம்பியிருந்தோம்.

சங்கரன் குனிந்து, அவருடைய கிழிந்த பாதத்தைப் பார்த்தான்.

"வாங்க மதினி. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடணும். பொறவு வீட்டுக்குப் போவோம். சாப்பாடு ஆறிப்போகும்," என்றான்.

கார் வரைக்கும் அவரை நடக்கவிடவில்லை. காரை வேன் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினான். எஸ்தரிடம் மஞ்சள் சேலையைத் திருப்பித் தருகிறோம் என்றதற்கு, அவங்களுக்கு நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும் என்றாள்.

வீட்டில் சங்கரனின் மனைவி பார்வதி இலை போட்டாள். மதினி சாப்பிட்டார். இரண்டாம் முறை தேங்காய்ப்பால் சொதி கேட்டு வாங்கிக்கொண்டார். சங்கரன் பக்கத்தில் நின்று, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொன்றையும் வேணுமா என்று கேட்டுப் பரிமாறினான்.

மாலையில்

கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு மதினி வீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. மேற்கே மலை முழுவதும் மேகம் மூடியிருந்தது. காற்று அடித்ததால் மெஷினைக் கழற்றி வைத்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. சைரன்தான் கேட்காது. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் ஓடியிருக்கிறார்களே, அது தெரியவில்லையா? அவர் பார்க்கும்படி வாயசைத்துக் கேட்டேன்.

கண்ணை மூடியிருந்தேன் என்றார்.

யாரோ தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இடத்துக்காக யாரோ தள்ளுகிறார்கள் என்று நினைத்து, அருவிக்கு அடியில் இருக்கும் கைப்பிடிக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். மறுபடி இழுத்தபோது முழங்கையால் இடித்துக்கூட விட்டாராம். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு பெண் போலீஸ், வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை.

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு என்ன செய்தீர்கள் என்றேன்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"கேட்டுது, கோமு. மெஷின் இல்லாமலே கேட்டுது. தண்ணி தலையிலே விழுந்ததும் மண்டைக்குள்ளே, பல்லுக்குள்ளே, எல்லாத்திலேயும் சத்தம். எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அதை விட்டுட்டு வர மனசே வரலே."

கீழே பார்வதி விளக்கேற்றிவிட்டு எங்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. போகலாம் என்று மதினியின் தோளைத் தொட்டேன்.

அவர் மலையைப் பார்த்தபடியே, ஒரு கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"கொஞ்சம் இரு," என்றார். "இன்னும் கேட்டுண்டிருக்கு."